கூற்றும் எச்சமும்: பெண்களின் போர் அனுபவங்களைச் சொல்லும் சித்திரக்கதைகள்

1. முன்னுரை

ஆர்ட் ஸ்பீகல்மன் எழுதி வரைந்த 'மௌஸ்' என்னும் சித்திரக்கதை 1986, 1991 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்து, 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசைப் பெற்றது. நாஜிகளின் வதைமுகாமிலிருந்து மீண்ட தந்தை தம் மகனுக்குக் கூறும் வரலாறாக அந்நூல் அமைந்துள்ளது. தாய் ஆன்யாவும் அக்கொடுமையிலிருந்து மீண்டவரே. அவர் தம் அனுபவங்களைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். மகன் வளர்ந்தபின் அவற்றில் ஈடுபாடு கொள்ள வேண்டும் என்றும் விரும்பியிருந்தார். மகன் அக்குறிப்பேடுகளைத் தேடுகிறார். முதல் தொகுதியின் இறுதியில்தான் உண்மை வெளிப்படுகிறது. 1968இல் ஆன்யா தற்கொலை செய்துகொண்ட பின்னர், துயரம் தாளாத ஒரு நாளில் தந்தை அவற்றை எரித்துவிட்டிருந்தார். மகன் தந்தையைக் கொலைகாரர் என்று சொல்வதோடு அத்தொகுதி முடிகிறது.

போரைப் பற்றிய சித்திரக்கதைகளில் பெண்கள் பெறும் இடத்தை ஆராய முற்படுவோர்க்கு இந்த எரிந்த குறிப்பேடுகளே பொருத்தமான தொடக்கமாகும். ஆன்யா அந்நூலில் பல பக்கங்களில் இருக்கிறார்; ஆனால் தம் போர்க்கால வாழ்வைத் தாமே எடுத்துரைப்பவராக ஓரிடத்திலும் இல்லை. அவரைப் பற்றி வாசகர் அறிவன அனைத்தும் கணவர் கூற்றின் வழியாகவோ மகன் நினைவின் வழியாகவோ அறிவனவே. இலக்கணச் சொற்களில் கூறின், அவர் படர்க்கையாகவே நிற்கிறார். தன்மையாகும் வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டுவிட்டது.

2000ஆம் ஆண்டிற்குப் பின்னர் இந்நிலை மாறத் தொடங்கியது. பெண்கள் தாம் கண்ட போரையும், தமக்கு முன்வாழ்ந்த பெண்கள் கண்ட போரையும் தாமே எழுதி வரைந்த நூல்கள் பல மொழிகளில் வெளிவந்தன. இந்நூல்களைப் பாராட்டுவோர், சொல்லால் சொல்ல இயலாததைப் படம் காட்டிவிடுகிறது என்று பொதுவாகக் கூறுவர். இக்கருத்து மறுஆய்வுக்குரியது. இவ்வகை நூல்களில் சிறந்தவை, படம் எதனைக் காட்ட மறுக்கிறது என்பதிலேயே தம் வலிமையைப் பெறுகின்றன என்பதும், போரில் துன்புற்ற பெண் பார்க்கப்படும் பொருளாக நிற்கிறாளா, சாட்சி கூறுபவளாக நிற்கிறாளா என்பதை அம்மறுப்பே முடிவு செய்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். பெண்கள் படைத்த நான்கு நூல்களும், தமிழ் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த நூலொன்றும் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. ஆய்வு அணுகுமுறை

தமிழ் வாசகர் பெரும்பாலோர்க்குச் சித்திரக்கதை என்பது சிறுவர்க்குரிய வாசிப்பு. 1972இல் தொடங்கப்பெற்ற முத்து காமிக்ஸ் வழி 'இரும்புக்கை மாயாவி'யைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு அது சாகசத்தின் வடிவம். அவ்வடிவத்தின் மொழிக்கூறுகள் குறித்துத் தமிழில் ஆய்வுகள் மிகுதியாக எழவில்லை. ஆதலின் அவற்றை முதலில் சுருக்கமாகக் கூறுவது தேவையாகிறது.

சித்திரக்கதையின் அடிப்படை அலகு கட்டம். கட்டத்தினுள் மூவகை மொழி இடம்பெறலாம். பாத்திரங்களின் பேச்சு குமிழ்களில் வரும். எடுத்துரைப்பவரின் மொழி, கட்டத்தின் ஓரத்தில் அமையும் பெட்டிகளில் வரும். ஒலிக்குறிப்புச் சொற்கள் படத்தின் பகுதியாகவே வரையப்படும். ஒரு கட்டத்திற்கும் அடுத்த கட்டத்திற்கும் இடையில் வெற்றிடம் உண்டு. அவ்வெற்றிடத்தில் நிகழ்ந்ததை வாசகரே ஊகித்து நிரப்பிக்கொள்கிறார்.

இவ்வமைப்பை விளக்கத் தொல்காப்பியச் செய்யுளியலில் கூறப்படும் உறுப்புகள் சில பெரிதும் துணைபுரிகின்றன. கூற்று, கேட்போர், களன், மெய்ப்பாடு, எச்சம் என்பன அவை. பழைய இலக்கணத்தைப் புதிய வடிவத்தின்மேல் வலிந்து ஏற்றுவது இங்கு நோக்கமன்று. அகப்பாடலில் புலவர் நேரே பேசுவதில்லை, பாத்திரமே பேசுகிறது. யார் கூறுகிறார், யார் கேட்கிறார், எங்கு நின்று கூறுகிறார், எது கூறாமல் விடப்பட்டது என்ற வினாக்களுக்கு விடை காணாமல் அப்பாடலைப் பொருள்கொள்ள இயலாது. பேச்சுக் குமிழ்களால் இயங்கும் சித்திரக்கதைக்கும் இவ்வினாக்கள் அடிப்படையானவை. ஆதலின் ஐந்து நூல்களையும் முறையே இவ்வைந்து உறுப்புகளில் ஒவ்வொன்றை முதன்மைப்படுத்திக் காண்போம்.

3. கூற்று: இரண்டு 'நான்'

மர்ஜான் சத்ராபியின் 'பெர்செபோலிஸ்' 2000 முதல் 2003 வரை பிரெஞ்சு மொழியில் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. 1979ஆம் ஆண்டின் ஈரானியப் புரட்சியையும், 1980 முதல் 1988 வரை நீடித்த ஈரான்-ஈராக் போரையும் தெஹ்ரானில் வளர்ந்த சிறுமி ஒருத்தியின் வாழ்வின் வழி அது கூறுகிறது. போர் தொடங்கியபோது ஆசிரியர்க்கு வயது பத்து. 1984இல் பெற்றோர் அவரை வியன்னாவுக்கு அனுப்பிவிட்டனர்.

இந்நூலில் தன்மை ஒருமை இருவேறு இடங்களில் இயங்குகிறது. பெட்டிகளில் பேசும் 'நான்', நிகழ்ச்சிகளுக்குப் பல்லாண்டுகளுக்குப் பின் பாரிசில் அமர்ந்து நினைவுகூரும் பெண். அவர் பேச்சு இறந்தகாலத்தில் அமைந்தது. குமிழ்களில் பேசும் 'நான்', அப்பொழுது அங்கிருந்த சிறுமி. அவள் பேச்சு நிகழ்காலத்தில் அமைந்தது. உரைநடைத் தன்வரலாற்றில் இவ்விரு குரல்களும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடும், பிரித்தறிவது கடினம். சித்திரக்கதையில் அவை ஒரே கட்டத்தினுள் இருந்தும் தனித்தனியே நிற்கின்றன. அறியாமையும் அறிவும் அருகருகே வைக்கப்படுகின்றன. அச்சத்தையும் அவ்வச்சத்தைப் பற்றிய பிற்காலச் சிந்தனையையும் வாசகர் ஒரே பார்வையில் பெறுகிறார்.

இப்பிரிப்பின் பயனை ஓர் இயலில் தெளிவாகக் காணலாம். சிறுமியின் அண்டை வீடு ஏவுகணையால் தகர்க்கப்படுகிறது. அவ்வீட்டார் யூதர், அன்று சனிக்கிழமை, அவர்தம் ஓய்வு நாள், ஆதலின் வீட்டில் இருந்தனர். இடிபாடுகளிடையே தன் தோழி அணிந்திருந்த நீலக்கல் காப்பைச் சிறுமி காண்கிறாள். காப்போடு இருந்த பிறிதொன்றையும் காண்கிறாள். அதன்பின் அவள் தன் முகத்தை மூடிக்கொள்கிறாள். இறுதிக் கட்டம் முழுவதும் கருமை. அக்கருமையோடு ஒரு கூற்று வாக்கியமும் வருகிறது. எந்த அலறலும் அத்துன்பத்தைத் தணித்திராது என்பது அதன் கருத்து. சிறுமி பேசவில்லை, படமும் காட்டவில்லை, நினைவுகூரும் பெண் மட்டும் பேசுகிறார். அவ்வாக்கியம் இல்லாதிருந்தால் அக்கருமை இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும் என்பது கட்டுரையாளர் கருத்து. சத்ராபி தம் மௌனத்தை முழுதும் நம்பாமல் அதற்கு உரையெழுதிவிடுகிறார்.

கூற்று யாருடையது என்ற வினாவை மற்றோர் இயல் வேறு வகையில் எழுப்புகிறது. சிறுமியின் வீட்டில் பணிபுரியும் நஸ்ரின் என்னும் பெண், தன் மூத்த மகனுக்குப் பள்ளியில் கொடுக்கப்பட்ட சாவி ஒன்றைக் கொண்டுவந்து காட்டுகிறார். பொன்வண்ணம் பூசிய ஞெகிழிச் சாவி அது. போரில் இறந்தால் சுவர்க்கத்தின் கதவை அது திறக்கும் என்று சிறுவர்களிடம் கூறப்பட்டிருக்கிறது. இவ்வியலின் இறுதிப் பக்கம் இரு கட்டங்களால் ஆனது. மேற்கட்டத்தில், கழுத்தில் சாவி தொங்கும் சிறுவர்களின் நிழலுருக்கள் கண்ணிவெடிகளால் தூக்கி எறியப்படுகின்றன. கீழ்க்கட்டத்தில், விருந்தொன்றில் சிறுமியும் நண்பர்களும் ஆடுகின்றனர். வெடியில் சிதறும் உடல்களும் ஆடும் உடல்களும் ஒரே வகை அசைவில் வரையப்பட்டுள்ளன. வர்க்கவேறுபாட்டை இதனினும் சுருக்கமாகச் சொல்லிவிட இயலாது.

ஆயினும் நஸ்ரின் ஒரு சில குமிழ்களில் மட்டுமே பேசுகிறார். பெட்டியின் 'நான்' அவருடையதாக ஆவதில்லை. எடுத்துரைக்கும் உரிமை கல்விபெற்ற குடும்பத்துப் பெண்ணிடமே உள்ளது. பெண்களின் போர் அனுபவம் என்று ஒருமையில் பேசுவது எவ்வளவு பிழையானது என்பதை இந்நூலே தன்னையறியாமல் காட்டிவிடுகிறது எனலாம்.

4. களன்: 'இங்கே' என்னும் சுட்டு

லெபனான் உள்நாட்டுப் போர் 1975 முதல் 1990 வரை நடைபெற்றது. போர் நடந்துகொண்டிருந்த 1981இல் பெய்ரூட்டில் பிறந்தவர் சைனா அபிராஷெட். 2006இல் பிரெஞ்சு ஆவணக் காப்பகத்தின் பழைய தொலைக்காட்சிப் பதிவு ஒன்றைக் காண நேர்ந்தபோது, 1984இல் பெய்ரூட்டில் செய்தியாளரிடம் பேசிக்கொண்டிருக்கும் தம் பாட்டியை அதில் கண்டார். இங்கே ஓரளவு பாதுகாப்பாகத்தான் இருக்கிறோம் போலும் என்னும் பொருளில் அம்மூதாட்டி ஒரு சொற்றொடர் கூறியிருந்தார். அச்சொற்றொடரே 2007இல் வெளிவந்த 'தகைவிலான் குருவிகளின் விளையாட்டு' என்று தமிழில் சுட்டத்தக்க நூலுக்கு வித்தாயிற்று.

'இங்கே' என்பது சுட்டுச்சொல். பேசுவோர் நிற்கும் இடத்தை அறிந்தாலன்றி அதற்குப் பொருளில்லை. அபிராஷெட்டின் நூல் முழுவதும் இச்சுட்டுச்சொல்லின் பொருளை வரையும் முயற்சியே ஆகும். நகரைப் பிரிக்கும் பசுமைக் கோட்டருகே ஒரு வீடு. குண்டுவீச்சு மிகுதிப்பட, ஒவ்வோர் அறையாக வாழத் தகுதியற்றுப் போகிறது. இறுதியில் எஞ்சுவது நுழைவுக்கூடம் மட்டுமே. அங்குதான் உண்கின்றனர், உறங்குகின்றனர், அண்டை வீட்டாரும் வந்து கூடுகின்றனர். சில தெருக்கள் தள்ளியிருக்கும் பாட்டி வீட்டுக்குச் சென்ற பெற்றோர், குண்டுவீச்சால் திரும்பத் தாமதமாகிறது. அவர்களுக்காக இரு குழந்தைகள் காத்திருக்கும் ஓரிரவே கதையின் காலம்.

இந்நூலில் போர்க்களம் வரையப்படவில்லை. கூடத்துச் சுவரில் ஒரு திரைச்சீலை தொங்குகிறது. எகிப்திலிருந்து மோசேயும் இசுரவேலரும் தப்பிச் செல்லும் காட்சி அதில் நெய்யப்பட்டுள்ளது. அதே கோணத்தில் அதே சுவரின் முன் மனிதர்கள் மட்டும் ஒருவர் பின் ஒருவராகச் சேர்கின்றனர். ஒரே குடும்பத்திற்குப் பல தலைமுறைகளாகப் பணிபுரிந்த முதியவள் அன்ஹாலா, குழந்தைகளுக்காக இனிப்பு செய்கிறாள். போர் என்பது வெளியில் நிகழ்வதாகவும், வீடு என்பது அதனின் நீங்கியதாகவும் கொள்ளும் பிரிவை இந்நூல் கலைத்துவிடுகிறது. வீட்டின் பரப்பு சுருங்கும் அளவே இங்குப் போரின் அளவுகோல். பெண்கள் அக்கூடத்தை வாழத்தக்க இடமாக ஆக்கும் செயலும் போர் வரலாற்றின் ஒரு பகுதியாகிறது. பாட்டி கூறிய 'இங்கே' நிலப்படத்தில் காட்டக்கூடிய இடமன்று; ஒருவரோடொருவர் நெருங்கி அமர்ந்ததால் உண்டான இடம்.

5. மெய்ப்பாடு: இழந்த வலக்கை

ஃபுமியோ கோனோவின் 'இந்த உலகின் ஒரு மூலையில்' 2007 முதல் 2009 வரை ஜப்பானிய இதழொன்றில் தொடராக வெளிவந்தது. ஹிரோஷிமாவைச் சேர்ந்த சுசு என்னும் இளம்பெண் 1944இல் மணமாகிக் கூரே நகருக்கு வருகிறாள். கூரே ஜப்பானியக் கடற்படையின் பெருந்துறைமுகம். 'யமாட்டோ' போர்க்கப்பல் கட்டப்பெற்ற இடம். ஆயினும் நூலின் பெரும்பகுதியில் வாசகர் காண்பது அடுக்களை. பங்கீட்டு அரிசி குறைந்தபோது அதனை வறுத்து, நீரில் ஊறவைத்து, உப்பச் செய்து சமைக்கும் முறை படிப்படியாக வரையப்படுகிறது. காட்டுக் கீரைகளைப் பறித்துச் சமைக்கும் முறையும் அவ்வாறே. செய்முறை விளக்கத்தின் மொழியும் படமும் கதையின் இயல்பான நடையாகின்றன.

சுசு படம் வரைவதில் விருப்பமுடையவள். 1945 சூன் மாதத்தில், காலந்தாழ்த்தி வெடிக்கும் குண்டொன்றால் அவள் தன் வலக்கையை இழக்கிறாள். அக்கை பற்றியிருந்த சிறுமி, கணவனின் தமக்கை மகள், இறந்துவிடுகிறாள். வரையும் கையும் குழந்தையைப் பற்றியிருந்த கையும் ஒன்றே. இதன்பின் நூலில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. வீடுகளும் மலைகளும் மரங்களுமாகிய பின்புலம் கோணலாகத் தோன்றுகிறது. அப்பகுதிகளின் பின்புலத்தைக் கோனோ தம் இடக்கையால் வரைந்தார்.

மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு மெய்யின்கண் வெளிப்படுவது. பொதுவாகச் சித்திரக்கதையில் அது பாத்திரத்தின் முகத்தில் வரையப்படும்: கண்ணீர், விரிந்த கண், திறந்த வாய். இங்கோ அது கோட்டின்மீதே நிகழ்கிறது. சுசு அழுது காட்ட வேண்டியதில்லை. அவள் காணும் உலகின் வரைகோடே ஊனமுற்றுவிட்டது. படர்க்கையில் சொல்லப்படும் கதை, ஒரு சொல்லும் மாறாமலே தன்மைக் கூற்றாகிவிடுகிறது. சித்திரக்கதைக்கு மட்டுமே இயலும் உத்தி இது.

மொழிவழக்கும் நுட்பமாகப் பயன்பட்டுள்ளது. சுசுவும் குடும்பத்தாரும் ஹிரோஷிமா வட்டார வழக்கில் பேசுகின்றனர். 1945 ஆகஸ்டு 15 அன்று வானொலியில் ஒலித்த பேரரசரின் சரணடைவு உரையோ அரசவைக்குரிய பழைய நடையில் அமைந்தது. எளிய மக்களுக்கு விளங்குவது அரிதாயிருந்தது. வீட்டின் மொழிக்கும் அரசின் மொழிக்கும் இடையிலுள்ள தொலைவு அக்காட்சியில் செவிக்குப் புலனாகிறது. உரையைக் கேட்ட சுசு வெகுள்கிறாள். அப்பொழுது ஊரில் கொரியக் கொடி ஒன்று ஏற்றப்படுவதைக் காண்கிறாள். தன் நாடு பிறரை வன்முறையால் அடக்கியிருந்தது என்னும் உணர்வு அவளுக்கு அக்கணத்தில் வருகிறது.

இந்நூலின் சிறப்பும் குறையும் இக்காட்சியில் சந்திக்கின்றன. துன்புற்ற பெண் ஆக்கிரமித்த நாட்டின் குடிமகளும் ஆவாள் என்பதைக் கோனோ அறிந்திருக்கிறார்; ஆனால் அவ்வறிவுக்கு அவர் கொடுத்த இடம் ஒரு சில கட்டங்களே. அவளது அடுக்களைக்குக் கொடுத்த பொறுமையை அக்கொடிக்கு அவர் கொடுக்கவில்லை. அக்கொடிக்குரிய மக்களின் கதையை அறிய வேறொரு நூலுக்குச் செல்ல வேண்டியுள்ளது.

6. எச்சம்: கருங்கட்டங்கள்

கும் சுக் ஜென்ட்ரி-கிம் என்னும் கொரியப் பெண் ஓவியரின் 'புல்' 2017இல் வெளிவந்தது. 2019இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பெற்று, 2020இல் சிறந்த அயல்நாட்டு நூலுக்கான ஹார்வி விருதைப் பெற்றது. ஜப்பானியப் படையின் பாலியல் அடிமைமுறைக்கு உட்படுத்தப்பட்ட லீ ஒக்-சுன் அம்மையாரின் வாழ்வை அவரோடு நிகழ்த்திய நேர்காணல்களின் அடிப்படையில் அது கூறுகிறது. பள்ளிக்குச் செல்ல விரும்பிய ஏழைச் சிறுமியாகிய அவர், வறுமையால் பிறர் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, 1942இல் தெருவில் கடத்தப்பட்டுச் சீனாவின் யென்ஜி நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். போர் முடிந்தபின்னும் சீனாவிலேயே வாழ்ந்து, 2000இல்தான் கொரியாவுக்குத் திரும்பினார். 2025 மே மாதத்தில் தம் 97ஆம் வயதில் காலமானார்.

இப்பெண்களைக் குறிக்க ஜப்பானியப் படை வழங்கிய சொல்லுக்கு 'ஆறுதல் தரும் பெண்' என்பது பொருள். தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகையாக நம் இலக்கணிகள் பகுப்பர். இச்சொல் மங்கலத்தின் வடிவில் நிற்கும் குழூஉக்குறி ஆகும். கேட்போர் செவிக்கு இன்னாதது நீங்கவும், செய்வோர் மனத்துக்கு உறுத்தல் நீங்கவும் அது பயன்பட்டது. 'ஆறுதல்' என்னும் செயலுக்கு வினைமுதலாகப் பெண்ணை ஆக்கி, வன்முறை செய்தவனை வாக்கியத்திலிருந்தே அது நீக்கிவிடுகிறது. 1991 ஆகஸ்டில் கிம் ஹக்-சுன் அம்மையார் தம் பெயரோடும் முகத்தோடும் பொதுவில் சாட்சியம் கூறியபோது நிகழ்ந்தது வரலாற்று வெளிப்பாடு மட்டுமன்று. அது ஓர் இலக்கணத் திருத்தமும் ஆகும். செயப்படுபொருளாக வைக்கப்பட்டவர் எழுவாயாகிப் பேசினார்.

இத்தகைய சாட்சியத்தை வரையும் ஓவியர் முன் ஒரு கடுமையான சிக்கல் உள்ளது. வன்கொடுமையை வரைந்தால் அப்பெண்ணின் உடல் மீண்டும் பிறர் பார்வைக்கு வைக்கப்படும். வரையாவிட்டால் மறைத்ததாகும், மறுப்போர்க்கு அது துணையாகும். ஜென்ட்ரி-கிம் கண்ட வழி, கட்டங்களை நிறுத்திவிட்டு அவற்றுள் கருமையை நிரப்புவது. காலம் கழிகிறது என்பதைக் கட்டங்களின் எண்ணிக்கை சொல்கிறது. நிகழ்வது யாது என்பதைப் படம் சொல்லவில்லை. வேறிடங்களில் மரக்கிளைகளும் வானமும் புல்வெளியும் தூரிகையின் கரிய மையால் பக்கம் பக்கமாக வருகின்றன; அவற்றில் சொல்லே இல்லை.

சொல்லாலோ குறிப்பாலோ பின்னர் முடித்துக்கொள்ளப்படும் தன்மையுடையது எச்சம் என்பது தொல்காப்பிய நெறி. முடித்துக்கொள்ளும் பொறுப்பு கேட்போருடையது. சத்ராபியின் கருங்கட்டத்திற்கும் இக்கருங்கட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில் தெளிவாகும். அங்கே வாக்கியம் எச்சத்தை முடித்துவைக்கிறது. இங்கே அது முடிக்கப்படாமல் வாசகரிடம் ஒப்படைக்கப்படுகிறது. மறைத்தல் என்ற குற்றச்சாட்டும் இதற்குப் பொருந்தாது. நிகழ்ந்தது யாது என்பது மூதாட்டியின் கூற்றால் முன்னும் பின்னும் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. காட்டப்படாதது காட்சி மட்டுமே, உண்மை சொல்லப்பட்டுவிட்டது.

மேலும், ஓவியர் தம்மையும் நூலினுள் வரைந்துள்ளார். அவர் வினவுகிறார்; மூதாட்டி விடை கூறுகிறார்; சில வேளை கூறாமல் இருக்கிறார். யென்ஜி நகருக்குச் சென்று எஞ்சியுள்ள இடங்களைத் தேடும் பயணமும் நூலில் உண்டு. சாட்சியம் என்பது ஒருவர் உள்ளத்தில் முன்னரே முழுமையாக இருந்து எடுத்துக்கொடுக்கப்படும் பொருளன்று. கேட்பவர் முன்னிலையில் உருவாவது என்பதை இவ்வமைப்பு மறைக்காமல் காட்டுகிறது.

7. கேட்போர்: 'வன்னி'யும் முன்னிலைச் சொல்லும்

கேட்போர் யார் என்னும் வினா தமிழர்க்கு நேரே வந்து சேரும் இடம் 'வன்னி' என்னும் நூலாகும். பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லிண்ட்சே பொல்லாக் வரைந்த இந்நூல் 2019இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. டிக்ஸ் ஐக்கிய நாடுகள் அவையின் பணியாளராக வன்னியில் இருந்தவர். 2008 செப்டம்பரில் அவ்வமைப்பு கிளிநொச்சியிலிருந்து வெளியேறியது. 2009 மே மாதம் போர் முடிந்தது. தப்பிவந்தோரின் வாய்மொழிகளைத் திரட்டி, அவற்றைக் கற்பனைக் குடும்பத்தாரின் கதையாக இணைத்து இந்நூல் உருவாக்கப்பட்டது. பலருடைய அனுபவங்களைச் சில பாத்திரங்களில் ஏற்றியது சாட்சி கூறியோரின் பாதுகாப்பு கருதித் தேவையாயிற்று எனலாம். கடற்கோள் முதல் இறுதிப் போர் வரையிலான இடப்பெயர்வுகளில் பெண்கள் சுமந்த பாரம் இதில் விரிவாக வரையப்பட்டுள்ளது.

ஆயினும் மொழியியல் நோக்கில் ஓர் இழப்பு நேர்ந்துள்ளது. இக்குமிழ்களில் பேசுவோர் வாழ்வில் பேசியது தமிழ். நூலில் பேசுவது ஆங்கிலம். ஈழத்து யாழ்ப்பாண வழக்கில் முன்னிலை ஒருவரைக் குறிக்க 'நீ', 'நீர்', 'நீங்கள்' என மூன்று படிநிலைகள் உள்ளன. தமிழகப் பேச்சில் 'நீர்' பெரும்பாலும் அருகிவிட்டது. அங்கு அது உயிரோடிருக்கிறது. ஒரு பெண்ணை 'நீர்' என்று விளித்துவந்த ஒருவர் திடீரென 'நீ' என்பாராயின், அம்மாற்றமே அச்சுறுத்தலாகவும் இருக்கலாம், உரிமையாகவும் இருக்கலாம். 'அக்கா', 'தங்கச்சி', 'பிள்ளை' என்னும் விளிகள் முன்பின் அறியாதவரைக் கணத்தில் உறவாக்கக்கூடியவை. நிரம்பி வழியும் பதுங்குகுழியில் இடம் கேட்பதற்கு அவ்விளியே போதும். ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல் இவை அனைத்தையும் சமனாக்கிவிடுகிறது. உடையும் பனைமரமும் கூரையும் நுட்பமாக வரையப்பட்ட பக்கங்களில், பேச்சு மட்டும் ஊரற்றதாகி நிற்கிறது.

இதனைப் படைத்தோரின் குறை என்று கூறுவது நேர்மையாகாது. உலகின் கவனத்தை ஈர்ப்பதே அந்நூலின் நோக்கம். அதன் கேட்போர் ஆங்கிலம் படிப்போர். ஆனால் இதே நூல் தமிழில் பெயர்க்கப்படுமாயின், அது மொழிபெயர்ப்பாக மட்டும் இராது. மொழி தன் வீட்டுக்குத் திரும்புவதாகும். பெயர்ப்பவர் ஒவ்வொரு குமிழிலும் எந்த முன்னிலைச் சொல் வர வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்ய வேண்டும். அதற்கு அகராதி உதவாது. அவ்வாழ்வை வாழ்ந்த பெண்களே உதவ வேண்டும். இங்கு ஆராய்ந்த பிற நூல்களைத் தமிழாக்குவோர்க்கும் இத்தகைய பொறுப்பு உண்டு. பிரெஞ்சும் ஜப்பானியமும் கொரியமும் 'நாம்', 'நாங்கள்' என்று கட்டாயமாகப் பிரிப்பதில்லை. எழுத்துத் தமிழ் பிரிக்கிறது. லீ ஒக்-சுன் தம்மையொத்த பெண்களைச் சேர்த்துப் பேசும்போது, எதிரே அமர்ந்து கேட்கும் ஓவியரை அதில் உளப்படுத்துகிறாரா, விலக்குகிறாரா? தமிழில் அவ்வினாவுக்கு விடை கூறாமல் ஒரு வாக்கியமும் எழுத இயலாது.

8. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். பெண்களின் போர் அனுபவத்தைக் கூறும் சித்திரக்கதையை அது காட்டும் கொடுமையின் அளவைக்கொண்டு மதிப்பிடுதல் பொருந்தாது. கூறுபவர் யார், அவர் நிற்குமிடம் யாது, கேட்பவர் யார், விடப்பட்டது யாது என்பனவே மதிப்பீட்டுக்குரிய வினாக்கள். சத்ராபி இரு காலத்துத் தன்மைகளைப் பிரித்து நிறுத்தினார். அபிராஷெட் ஒரு சுட்டுச்சொல்லுக்கு வீடு கட்டினார். கோனோ தம் கையையே பாத்திரத்திற்குக் கொடுத்தார். ஜென்ட்ரி-கிம் சொல்லப்பட வேண்டியதைச் சொல்லி, காட்டப்படக் கூடாததைக் காட்டாமல் விட்டார். 'வன்னி' ஒரு மக்களின் துயரை உலகின் முன் வைத்தது. அம்மக்களின் விளிச்சொற்களை மட்டும் கொண்டுவர இயலாது போயிற்று.

ஆன்யாவின் குறிப்பேடுகளில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை இனி எவரும் அறிய இயலாது. பிறிதொருவர் அவற்றை நிரப்பி எழுத முயலாமல், அவை எரிந்தன என்பதையே ஸ்பீகல்மன் பதிவு செய்தார். அதுவும் ஓர் எச்சமே. ஆயின் முடிக்க இயலாத எச்சம். வாழ்ந்தோர் இருக்கும்போதே கேட்கப்பட்டால் அத்தகைய எச்சங்கள் குறையும். லீ ஒக்-சுன் அம்மையார் கேட்கப்பட்டார், கூறினார், அவர் மறைந்தபின்னும் அவர் கூற்று தன்மையிடத்திலேயே நிற்கிறது. வன்னியில் போரைக் கண்ட பெண்கள் பலர் இன்றும் வாழ்கின்றனர். அவர்தம் கூற்றை அவர்தம் வழக்கிலேயே கேட்டுப் பதிவு செய்யும் பணி தமிழாய்வாளரின் முன் காத்திருக்கிறது.